விதியிலிருந்து கப்பல் வரை

நுழையும்முன்

கடல் எந்த ஒரு நாட்டுக்கும் தனியுடைமையன்று. ஆயினும், கடலில் செல்லும் ஒவ்வொரு கப்பலும் ஏதேனும் ஒரு நாட்டின் சட்டத்திற்குக் கட்டுப்பட்டது. உலக நாடுகள் ஒன்றுகூடி வகுக்கும் பாதுகாப்பு விதிகள் ஒரு கப்பலின் மேல்தளத்தை எவ்வாறு சென்றடைகின்றன? அவற்றை எழுதுவோர் யார்? செயற்படுத்துவோர் யார்? செயற்படுத்தத் தவறினால் நேர்வது என்ன? இவ்வினாக்களுக்குரிய விடைகளை இப்பாடம் விளக்குகிறது.

எண்ணூர்க் காமராசர் துறைமுகத்திற்கு ஒரு சரக்குக் கப்பல் வருவதாகக் கருதுக. அதன் பின்பகுதியில் பறப்பது பனாமா நாட்டுக் கொடி. உரிமையாளரின் அலுவலகம் கிரேக்க நாட்டில் உள்ளது. கப்பல் கட்டப்பட்டது தென்கொரியாவில். மீகாமன் உக்ரைன் நாட்டவர். பணியாளருள் பாதிப்பேர் பிலிப்பைன்ஸ் நாட்டவர், மீதிப்பேர் இந்தியர். ஏற்றிவந்த நிலக்கரி இந்தோனேசியாவில் வெட்டியெடுக்கப்பட்டது.

இத்தகைய கப்பல் இன்றைய கடல் வணிகத்தில் அரிய ஒன்றன்று. அதில் இருபது பேர் அளவில் பல மாதங்கள் தொடர்ந்து வாழ்கின்றனர். நடுக்கடலில் இயந்திர அறை தீப்பற்றினால், அழைத்தவுடன் வந்து சேர அங்குத் தீயணைப்பு நிலையம் இல்லை. கப்பலில் உள்ள நீரிறைப்பியும் குழாயும் அவர்கள் பெற்ற பயிற்சியுமே அவர்களுக்குத் துணை. அந்த நீரிறைப்பி இயங்கும் நிலையில் இருக்க வேண்டும் என்று கட்டளையிடும் பொறுப்பு யாருடையது? பனாமாவினதா, கிரேக்கத்தினதா, இந்தியாவினதா? அன்றி, உலகுக்குப் பொதுவான ஓர் அமைப்பினதா? இவ்வினாவுக்கு விடை காண முயன்ற வரலாறே பன்னாட்டுக் கடற்பாதுகாப்பின் வரலாறு ஆகும்.

விதிப்படி அமைந்த கப்பல்

1912ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் இரவு, வட அட்லாண்டிக் பெருங்கடலில் டைட்டானிக் என்னும் பயணியர் கப்பல் பனிப்பாறையில் மோதியது. மறுநாள் விடியுமுன் மூழ்கியது. ஏறத்தாழ 2,200 பேர் சென்ற அக்கப்பலில் சுமார் 1,500 பேர் உயிரிழந்தனர். கப்பலில் இருந்த உயிர்காப்புப் படகுகள் 20. அவை அனைத்திலும் சேர்த்து 1,178 பேருக்கே இடம் இருந்தது.

இவ்வளவு பெரிய குறை இருந்தும் அக்கப்பல் படகு விதியை மீறவில்லை என்பதே வியப்பிற்குரியது. அன்றைய பிரித்தானிய விதி, படகுகளின் எண்ணிக்கையைக் கப்பலில் செல்வோரின் எண்ணிக்கையைக் கொண்டு கணக்கிடவில்லை; கப்பலின் பருமனைக் கொண்டு கணக்கிட்டது. அவ்விதியின் பட்டியலில் மிக உயர்ந்த பிரிவு ‘10,000 டன்னும் அதற்கு மேலும்’ என்பதாகும். அப்பிரிவில் அடங்கிய கப்பலுக்கு 16 படகுகள் போதும். டைட்டானிக்கின் பருமனோ 46,000 டன்னுக்கும் மிகுதி. விதி கேட்டதைவிட நான்கு படகுகள் அதில் கூடுதலாகவே இருந்தன. எனவே சான்றிதழ் கிடைத்தது, கப்பல் புறப்பட்டது. கப்பல்கள் வளர்ந்தன, அவற்றுக்குரிய விதி வளரவில்லை.

அந்த இரவில் வேறு குறைகளும் வெளிப்பட்டன. பல படகுகள் நிரம்பாமலேயே கடலில் இறக்கப்பட்டன. அருகில் நின்றிருந்த மற்றொரு கப்பலின் வானொலிப் பணியாளர் உறங்கச் சென்றுவிட்டதால், உதவி கோரிய செய்தி அக்கப்பலை எட்டவில்லை. விதி காலத்திற்கேற்பப் புதுப்பிக்கப்பட வேண்டும். புதுப்பித்த விதி கப்பலில் உண்மையாகவே நடைமுறையில் இருக்க வேண்டும். இவ்விரு படிப்பினைகளையும் உலகம் பெருவிலை கொடுத்துக் கற்றது.

இலண்டனில் எழுதப்படும் விதி

டைட்டானிக் துயரத்தைத் தொடர்ந்து, 1914ஆம் ஆண்டு கடல்வணிக நாடுகள் பல இலண்டனில் கூடிக் ‘கடலில் உயிர்ப் பாதுகாப்பிற்கான பன்னாட்டு உடன்படிக்கை’யை உருவாக்கின. கப்பலில் உள்ள ஒவ்வொருவருக்கும் படகில் இடம் வேண்டும் என்பதை அது வலியுறுத்தியது. அவ்வாண்டே முதல் உலகப்போர் மூண்டதால் திட்டமிட்டவாறு அது நடைமுறைக்கு வரவில்லை. 1929, 1948, 1960 ஆகிய ஆண்டுகளில் அது மீண்டும் மீண்டும் திருத்தி எழுதப்பட்டது. இன்று நடைமுறையில் இருப்பது 1974ஆம் ஆண்டு ஏற்கப்பட்டு, 1980 மே 25 முதல் செயற்பாட்டுக்கு வந்த வடிவமாகும். ஆங்கிலப் பெயரின் சுருக்கமாக இதனைச் ‘சோலாஸ்’ என்று கடல்துறையினர் வழங்குவர்.

இவ்வுடன்படிக்கையைப் பேணும் அமைப்பு, ஐக்கிய நாடுகள் அவையின் சிறப்பு முகமையான பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு. இலண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட இவ்வமைப்பில் 170க்கும் மேற்பட்ட நாடுகள் உறுப்பினராக உள்ளன. இந்தியா 1959 முதல் இதன் உறுப்பினராகும். சோலாஸ் தவிர, கப்பல்கள் மோதாமல் தடுக்கும் விதிகள், கப்பல் எவ்வளவு சுமை ஏற்றலாம் என்பதை வரையறுக்கும் உடன்படிக்கை, கடலோடிகளின் பயிற்சியையும் தகுதிச் சான்றையும் பற்றிய உடன்படிக்கை எனப் பலவற்றை இது பேணுகிறது.

முற்காலத்தில் ஓர் உடன்படிக்கையைத் திருத்த வேண்டுமெனில், பெரும்பான்மை நாடுகள் தத்தம் ஒப்புதலைத் தனித்தனியே அளிக்க வேண்டும். அதற்குப் பல ஆண்டுகள் கழிந்தன. சில திருத்தங்கள் நடைமுறைக்கு வராமலேயே முதுமை எய்தின. 1974ஆம் ஆண்டு உடன்படிக்கை இந்நிலையை மாற்றியது. ஒரு திருத்தத்திற்கு நாள் குறிக்கப்படும். குறித்த காலத்திற்குள் மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்பட்ட நாடுகளோ, உலகக் கப்பல் பருமனில் பாதியளவைக் கொண்ட நாடுகளோ மறுப்புத் தெரிவிக்காவிடில், அத்திருத்தம் அந்நாளில் தானாகவே நடைமுறைக்கு வரும். பேசாதிருத்தல் உடன்பாடாகக் கொள்ளப்படும் இம்முறையால் விதிகள் காலத்தோடு ஒட்டி நடக்கத் தொடங்கின.

ஆயினும், பன்னாட்டுக் கடல்சார் அமைப்புக்கு ஒரு வரம்பு உண்டு. அதனிடம் ஆய்வுப் படகு இல்லை, காவலர் இல்லை, தண்டம் விதிக்கும் நீதிமன்றமும் இல்லை. விதியை வகுப்பது அதன் பணி. அவ்விதியை உயிர்பெறச் செய்வது உறுப்பு நாடுகளின் பணி.

கொடி நாட்டின் கடமை

ஒரு கப்பல் எந்த நாட்டில் பதிவு செய்யப்பட்டுள்ளதோ, அந்நாட்டின் கொடியைப் பறக்கவிடும் உரிமை அதற்கு உண்டு. அந்நாடு அக்கப்பலின் ‘கொடி நாடு’ எனப்படும். தன் கொடியைத் தாங்கிய கப்பலின் கட்டுமானம், கருவிகள், பணியாளர் தகுதி ஆகியவற்றைக் கண்காணிப்பது கொடி நாட்டின் கடமை என 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கை கூறுகிறது. ஆகவே, முன்னர்க் கூறிய கப்பலின் நீரிறைப்பிக்கு முதற்பொறுப்பு பனாமா நாட்டினுடையது.

பன்னாட்டு உடன்படிக்கையில் கையொப்பமிட்டால் மட்டும் ஒரு நாட்டின் கடமை முடிந்துவிடாது. அதனைத் தன் உள்நாட்டுச் சட்டமாக்க வேண்டும். இந்தியாவில் இப்பணியை 1958ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டம் நீண்டகாலம் செய்துவந்தது. அதற்கு மாற்றாக 2025ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் புதிய வணிகக் கப்பல் சட்டத்தை நிறைவேற்றியது. சட்டத்தின் கீழ் அரசு விதிகளை வகுக்கிறது. அவற்றைச் செயற்படுத்தும் தலைமை அமைப்பு, 1949இல் நிறுவப்பட்டு மும்பையிலிருந்து இயங்கும் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்ககம். அதன் கீழ்ச் சென்னை, மும்பை, கொல்கத்தா, கொச்சி முதலிய துறைமுக நகரங்களில் வணிகக் கடல்துறை அலுவலகங்கள் உள்ளன.

இவ்வலுவலகங்களில் பணிபுரியும் கப்பல் ஆய்வர்களே விதிக்கும் கப்பலுக்கும் இடையே பாலமாக நிற்பவர்கள். கடலில் பல்லாண்டு பணியாற்றித் தேர்ந்த மீகாமன்களும் கப்பல் பொறியாளர்களும் இப்பணிக்கு வருகின்றனர். கப்பலின் கட்டுமானம், உயிர்காப்புக் கருவிகள், வானொலி, சுமைக்கோடு எனத் தனித்தனியே ஆய்வு நடைபெறும். பயணியர் கப்பலின் பாதுகாப்புச் சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். சரக்குக் கப்பலின் சான்றிதழ் ஐந்தாண்டுகள் வரை செல்லும். எனினும், ஆண்டுதோறும் ஆய்வு நடந்து அதில் மேலொப்பம் இடப்பட்டால்தான் அது செல்லுபடியாகும்.

உலகெங்கும் அலையும் கப்பல்கள் அனைத்தையும் ஒரு நாட்டின் அலுவலரே நேரில் ஆய்வது அரிது. எனவே, கப்பல்களைத் தரவகைப்படுத்தும் நிறுவனங்களுக்கு அரசுகள் இவ்வதிகாரத்தைப் பகிர்ந்தளிக்கின்றன. 1975இல் தொடங்கப்பட்ட இந்தியக் கப்பல் பதிவகம் அத்தகைய நிறுவனங்களுள் ஒன்று. இம்முறையில் நன்மை உண்டு, இடரும் உண்டு. ஆய்வுக்கான கட்டணத்தைச் செலுத்துபவர் ஆய்வுக்கு உள்ளாகும் கப்பலின் உரிமையாளரே. அதனால் அதிகாரத்தைப் பிறரிடம் ஒப்படைத்த அரசு, கண்காணிக்கும் பொறுப்பையும் ஒப்படைத்துவிட முடியாது. இந்நிறுவனங்களை அரசுகள் எவ்வாறு மேற்பார்வையிட வேண்டும் என்பதற்கான பன்னாட்டு நெறித்தொகுப்பு 2015 முதல் நடைமுறையில் உள்ளது.

ஒரு விதியின் பயணம்

விதி ஒன்று கடலிலிருந்து இலண்டனுக்கும், அங்கிருந்து ஊர்ப்புற எடைமேடைக்கும் எவ்வாறு வந்து சேர்கிறது என்பதற்குச் சரக்குப் பெட்டகங்களின் எடை பற்றிய விதி சிறந்த எடுத்துக்காட்டு.

சரக்குப் பெட்டகங்கள் கப்பலில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. கனமானவை கீழேயும் எடை குறைந்தவை மேலேயும் அமைந்தால்தான் கப்பல் நிலையாக நிற்கும், அடுக்கும் சரியாது. எனவே எந்தப் பெட்டகம் எங்கே என்பதை முன்கூட்டியே திட்டமிடுவர். அத்திட்டம் முழுவதும், பெட்டகத்தின் எடை என்று அனுப்புநர் எழுதித்தரும் எண்ணையே நம்பியிருந்தது. அந்த எண் பொய்யானால் திட்டமும் பொய்யாகும். 2007 ஜனவரியில் ஆங்கிலக் கால்வாயில் பெரும்புயலில் சிக்கிய ஒரு பெட்டகக் கப்பலின் உடற்பகுதி உடைந்தது. விபத்திற்குப் பின் அதன் பெட்டகங்களை நிறுத்துப் பார்த்தபோது, பலவற்றின் உண்மை எடை ஆவணத்தில் இருந்த எடையோடு பொருந்தவில்லை.

எடையைப் பொய்யாகக் குறிப்பதால் விளையும் இடர்கள் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பில் விவாதிக்கப்பட்டன. 2014ஆம் ஆண்டு சோலாஸ் உடன்படிக்கையில் திருத்தம் ஏற்கப்பட்டது. 2016 ஜூலை 1 முதல், எடை சரிபார்க்கப்படாத பெட்டகத்தைக் கப்பலில் ஏற்றக்கூடாது என்பது விதியாயிற்று. எடையைக் கண்டறிய இரண்டு வழிகள் அனுமதிக்கப்பட்டன. சரக்கு நிரப்பிய பெட்டகத்தை முழுவதுமாக நிறுத்தல் ஒன்று. உள்ளே வைக்கும் ஒவ்வொரு பொருளையும் நிறுத்து, வெறும் பெட்டகத்தின் எடையோடு கூட்டல் மற்றொன்று.

இவ்வளவும் இலண்டனில் முடிந்தது. ஆனால், எந்த எடைமேடையை நம்பலாம், எடைச்சீட்டில் யார் கையொப்பமிட வேண்டும், சீட்டு இல்லாத பெட்டகத்தைத் துறைமுகம் என்ன செய்ய வேண்டும் ஆகியவற்றை ஒவ்வொரு நாடும் தானே முடிவு செய்ய வேண்டியிருந்தது. இந்தியாவில் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் இதற்கான நடைமுறைகளை அறிவித்தது. அதன் பின்னரே, திருப்பூரில் பின்னலாடைகளை நிரப்பித் தூத்துக்குடித் துறைமுகத்திற்கு அனுப்பப்படும் பெட்டகமும் எடைச் சான்றோடு செல்ல வேண்டியதாயிற்று. எடைமேடையில் ஒருவர் நேர்மையாகப் பதிவு செய்யும் எண், பல்லாயிரம் கிலோமீட்டர் தொலைவில் புயலில் ஆடும் கப்பலில் உள்ள ஒருவரின் உயிரைக் காக்கிறது.

துறைமுக நாட்டின் விழிப்பு

எல்லாக் கொடி நாடுகளும் தம் கடமையை ஒரே அளவில் ஆற்றுவதில்லை. பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவுகள் ஆகியவை பிறநாட்டு உரிமையாளர்களின் கப்பல்களையும் பதிவு செய்கின்றன. இவ்வாறு பதிவு செய்யும் நாடுகளுள் கண்டிப்பானவையும் உண்டு. கட்டணம் பெறுவதோடு அமைந்துவிடுபவையும் உண்டு. கொடி நாடு கண்ணை மூடிக்கொண்டால், பழுதான கப்பலால் துன்புறுவது அது சென்று சேரும் கரையில் உள்ள மக்களே.

1978 மார்ச் 16ஆம் நாள், லைபீரியக் கொடியைத் தாங்கிய ‘அமோகோ காடிஸ்’ என்னும் எண்ணெய்க் கப்பல் பிரான்சின் பிரித்தானி கடற்கரை அருகே தரைதட்டியது. இரண்டு இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கச்சா எண்ணெய் கடலில் கலந்தது. இவ்விபத்து எழுப்பிய மக்கள் குரலின் விளைவாக, ஐரோப்பிய நாடுகள் சில 1982ஆம் ஆண்டு பாரிசில் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. தம் துறைமுகங்களுக்கு வரும் வெளிநாட்டுக் கப்பல்களை, பன்னாட்டு விதிகளின்படி தாமே ஆய்வு செய்வது என்பதே அவ்வுடன்பாடு. இது ‘துறைமுக நாட்டுக் கட்டுப்பாடு’ எனப்படுகிறது. இந்தியப் பெருங்கடல் பகுதி நாடுகளுக்கான இத்தகைய உடன்பாடு 1999 ஏப்ரல் 1 முதல் செயற்படுகிறது. அதன் செயலகம் கோவாவில் உள்ளது.

ஆகவே, எண்ணூருக்கு வந்த பனாமாக் கொடிக் கப்பலின்மீது இந்தியாவுக்கும் அதிகாரம் உண்டு. ஆய்வர் ஏணி வழியே ஏறுகிறார். முதலில் சான்றிதழ்களையும் பணியாளரின் தகுதிச் சான்றுகளையும் பார்க்கிறார். பின்னர் மேல்தளம், இயந்திர அறை, உயிர்காப்புப் படகுகள் என ஒவ்வொன்றையும் சுற்றிவருகிறார். ஐயத்திற்கு இடமிருந்தால் விரிவான ஆய்வு தொடங்கும். கப்பலின் முதன்மை மின்சாரம் நின்றுபோனால், அவசரகால மின்னாக்கி தானே இயங்கி 45 நொடிகளுக்குள் மின்சாரம் வழங்க வேண்டும் என்பது விதி. ஆய்வர் அதனை இயக்கிக் காட்டச் சொல்லுவார். கப்பலைக் கைவிடும் நிலைக்கான ஒத்திகை நடத்தச் சொல்லுவார். மாதந்தோறும் ஒத்திகை நடந்ததாகக் குறிப்பேடு கூறும். ஆனால், படகை இறக்கும் கொக்கி துருவேறி அசையாது நின்றால், அக்குறிப்பேடு பொய்யென்பது அங்கேயே வெளிப்படும்.

சிறு குறைகளைச் சரிசெய்ய நாள் குறிக்கப்படும். உயிருக்கோ கடலுக்கோ பெருங்கேடு விளைக்கும் குறை காணப்பட்டால், அது நீக்கப்படும்வரை கப்பல் தடுத்து வைக்கப்படும். செய்தி கொடி நாட்டுக்குத் தெரிவிக்கப்படும். பிற உறுப்பு நாடுகள் காணும் வகையில் பதிவும் செய்யப்படும். கப்பல் ஒரு நாள் நின்றாலும் உரிமையாளருக்கு இழப்பு பெரிது. நீரிறைப்பியைப் பழுதுபார்க்கும் செலவைவிட, பழுதுபார்க்காமல் விடும் செலவு மிகுதி என்னும் நிலையை இம்முறை உண்டாக்குகிறது. உடன்படிக்கையில் சேராத நாட்டின் கப்பலாயினும் அதற்கெனத் தனிச்சலுகை இல்லை.

தெரிந்து தெளிவோம்

கப்பலின் பக்கவாட்டில் வட்டமும் அதன் நடுவே ஒரு கோடும் வரையப்பட்டிருக்கும். இது சுமைக்கோடு. கப்பல் இக்கோட்டிற்குமேல் நீரில் அமிழுமாறு சுமை ஏற்றக்கூடாது. அளவுக்கு மீறிச் சுமை ஏற்றிய கப்பல்களில் மாலுமிகள் மடிவதைக் கண்டு, சாமுவேல் பிலிம்சால் என்னும் பிரித்தானிய நாடாளுமன்ற உறுப்பினர் போராடியதன் விளைவாக 1876ஆம் ஆண்டு இது கட்டாயமாக்கப்பட்டது. ஆனால், கோட்டை எந்த உயரத்தில் வரைவது என்பது உரிமையாளரின் விருப்பத்திற்கே விடப்பட்டது. 1890ஆம் ஆண்டில்தான் கோட்டின் இடத்தையும் அரசே வரையறுக்கும் நிலை வந்தது.

கருவியைத் தாண்டி மனிதர்

கருவிகள் அனைத்தும் செம்மையாக இருந்தும் கப்பல் மூழ்கலாம். 1987 மார்ச் 6ஆம் நாள், பெல்ஜியத்தின் சீப்ரூக் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ‘ஹெரால்டு ஆப் ஃபிரீ என்டர்பிரைஸ்’ என்னும் பயணியர் கப்பல் சில நிமிடங்களில் கவிழ்ந்தது. 193 பேர் உயிரிழந்தனர். ஊர்திகள் ஏறும் முன்பக்கக் கதவுகள் மூடப்படாமலேயே கப்பல் புறப்பட்டிருந்தது. கதவை மூட வேண்டியவர் உறங்கிக்கொண்டிருந்தார். மூடப்பட்டதா எனப் பார்ப்பது தம் பணி என்று வேறு எவரும் கருதவில்லை. கதவு திறந்திருப்பதைக் காட்டும் விளக்கு எதுவும் மீகாமன் நிற்கும் இடத்தில் இல்லை. கப்பலில் இருந்தவரோடு மட்டும் தவறு நிற்கவில்லை. நிறுவனத்தின் மேல்மட்டம் வரை அது பரவியிருந்தது என விசாரணை கண்டறிந்தது.

இதனைத் தொடர்ந்து, கப்பல் நிறுவனத்தின் மேலாண்மையையே ஆய்வுக்கு உட்படுத்தும் பன்னாட்டுப் பாதுகாப்பு மேலாண்மை நெறித்தொகுப்பு 1993இல் ஏற்கப்பட்டு, 1998 ஜூலை 1 முதல் கட்டாயமாயிற்று. ஒவ்வொரு பணிக்கும் உரியவர் யார் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். கப்பலில் உள்ளோர் தம் குறையைத் தெரிவிப்பதற்கு, நிறுவனத்தின் உயர்மட்டத்தை நேரடியாக அணுகக்கூடிய அலுவலர் ஒருவர் கரையில் இருக்க வேண்டும். இவற்றைச் சோதித்துச் சான்று வழங்குவதும் தேசிய முகமைகளின் பணியே.

கடலோடிகளின் தகுதியும் அவ்வாறே. உயிர்காப்பு, தீயணைப்பு, முதலுதவி ஆகியவற்றில் பயிற்சி பெறாதவர் கப்பலில் பணியேற்க இயலாது. மீகாமன் முதலிய பதவிகளுக்கான தகுதித் தேர்வை இந்தியாவில் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தின் கீழ் வணிகக் கடல்துறை நடத்துகிறது. எந்தவொரு 24 மணிநேரத்திலும் பத்து மணிநேரமும், ஏழு நாள்களில் 77 மணிநேரமும் குறையாத ஓய்வு கடலோடிக்குத் தரப்பட வேண்டும் எனப் பன்னாட்டு விதி கூறுகிறது. களைத்த கண்களால் கடலைக் காவல் காக்க இயலாது என்பதே இதன் அடிப்படை.

கரையிலிருந்து காப்போர்

கப்பலை ஆய்வதோடு ஒரு நாட்டின் கடமை முடிவதில்லை. கப்பல் செல்லும் வழியையும் அது காக்க வேண்டும். சிலப்பதிகாரக் காலந்தொட்டு வழங்கிவரும் ‘கலங்கரை விளக்கம்’ என்னும் சொல்லுக்குரிய பணியை இந்தியாவில் இன்று ஆற்றுவது கலங்கரை விளக்கங்களுக்கான தலைமை இயக்ககம். டேராடூனில் உள்ள தேசியக் கடல்நில வரைவு அலுவலகம் கடல் வரைபடங்களை வெளியிடுகிறது.

ஆபத்தில் சிக்கியோரைத் தேடி மீட்கும் பணியை இந்தியக் கடலோரக் காவல் படை ஒருங்கிணைக்கிறது. இந்தியாவின் பொறுப்பில் உள்ள தேடல், மீட்புப் பகுதி ஏறத்தாழ 46 இலட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புடையது. இதற்கான கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு மையங்கள் சென்னை, மும்பை, ஸ்ரீ விஜயபுரம் (முன்னைய போர்ட் பிளேர்) ஆகிய இடங்களில் உள்ளன. கப்பல் மூழ்கும்போது, அதில் பொருத்தப்பட்டுள்ள அவசரகால வானொலி மிதவை தானே விடுபட்டு மேலெழுந்து குறிப்பலைகளை அனுப்பும். செயற்கைக்கோள் அதனைப் பெறும். பெங்களூருவில் உள்ள இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் மையம் அதனை மீட்பு மையத்திற்குத் தெரிவிக்கும். மையம் அருகில் செல்லும் கப்பலை அழைக்கும். அழைப்பைப் பெற்ற மீகாமன் இயன்றவரை விரைந்து உதவ வேண்டும் என்பது சோலாஸ் விதி. மூழ்கியவரின் நாடு எது, கொடி எது என்னும் வேறுபாடு அங்கு இல்லை.

பெருங்கப்பல்களோடு மீனவரும் இதே கடலைப் பகிர்ந்துகொள்கின்றனர். சோலாஸ் விதிகளுள் பெரும்பாலானவை மீன்பிடி படகுகளுக்குப் பொருந்தா. ஆனால், மோதல் தடுப்பு விதிகள் எல்லா வகைக் கலங்களுக்கும் உரியவை. கண்ணாலும் செவியாலும் எந்நேரமும் கடலைக் கவனித்திருக்க வேண்டும் என்னும் விதி, மூன்று கால்பந்துத் திடல் நீளமுள்ள கப்பலுக்கும் ஒருவர் செலுத்தும் சிறுபடகுக்கும் ஒன்றே. கடலில் ஆபத்து நேர்ந்தால் கடலோரக் காவல் படையை அழைப்பதற்கான கட்டணமில்லா எண் 1554.

2017 ஜனவரி 28 அதிகாலை, காமராசர் துறைமுகத்திற்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. ஒன்று வெளியேறிக்கொண்டிருந்த வெளிநாட்டுக் கொடி எரிவாயுக் கப்பல். மற்றொன்று உள்ளே வந்துகொண்டிருந்த இந்தியக் கொடி எண்ணெய்க் கப்பல். உயிரிழப்பு இல்லை. ஆனால், கசிந்த எண்ணெய் சென்னைக் கடற்கரையில் படிந்தது. தன்னார்வலரும் பணியாளரும் அதனை வாளிகளால் அள்ளினர். மீனவர் பலநாள் தொழிலின்றி வாடினர். பாதுகாப்பு விதி கப்பலில் இருப்பவர்க்கு மட்டும் உரியதன்று, கரையில் வலை உலர்த்துபவர்க்கும் உரியது என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது. இத்தகைய விபத்துகளை ஆராய்வதற்கும் பன்னாட்டு நெறித்தொகுப்பு உண்டு. குற்றவாளியைக் காண்பது அவ்வாய்வின் நோக்கமன்று. அதே விபத்து மீண்டும் நிகழாமல் தடுப்பதே நோக்கம்.

ஆய்வோரை ஆய்தல்

கப்பலை ஆய்வது நாடு. நாட்டை ஆய்வது யார்? 2016 முதல், உறுப்பு நாடுகள் தம் கடமையை ஆற்றும் முறையைப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு தணிக்கை செய்வது கட்டாயமாக்கப்பட்டுள்ளது. உடன்படிக்கை உள்நாட்டுச் சட்டமாயிற்றா, போதிய ஆய்வர்கள் உள்ளனரா, ஒப்படைத்த அதிகாரம் கண்காணிக்கப்படுகிறதா என அத்தணிக்கை வினவுகிறது.

இவ்வாறு, உரிமையாளர், தரவகைப்பாட்டு நிறுவனம், கொடி நாடு, துறைமுக நாடு, பன்னாட்டு அமைப்பு என ஒருவர் தவறவிட்டதை மற்றவர் பிடிக்குமாறு காவல் அடுக்கடுக்காக அமைந்துள்ளது. ஆனால், இவ்வமைப்பு முழுவதும் இறுதியில் ஒரு மனிதரின் நேர்மையில் வந்து நிற்கிறது. மின்னாக்கியை இயக்கிப் பாராமலேயே படிவத்தில் குறியிடும் ஆய்வர் ஒருவர் போதும், இலண்டன் முதல் எண்ணூர் வரை நீண்ட சங்கிலி அறுபட. இயக்கிப் பார்த்த பின்னரே கையொப்பமிடுபவர், தாம் ஒருபோதும் காணப்போகாத இருபது பேரைக் காக்கிறார்.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 2008இல் நிறுவப்பட்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தில் மாணவர் பலர் கடற்கல்வி பயில்கின்றனர். அவர்களுள் சிலர் நாளை மீகாமன் ஆகலாம். சிலர் ஆய்வர் ஆகலாம். ஏணியின் எந்தப் படியில் நின்றாலும் அவர்கள் கேட்க வேண்டிய வினா ஒன்றே: ‘சான்றிதழ் இருக்கிறதா?’ என்பதன்று, ‘இது வேலை செய்கிறதா?’ என்பதே.

கற்பவை கற்றபின்

1. கொடி நாடு, துறைமுக நாடு ஆகிய இரண்டின் கடமைகளையும் ஒப்பிட்டு அட்டவணைப்படுத்துக.

2. ‘விதியைப் பின்பற்றியும் டைட்டானிக் ஏன் பாதுகாப்பற்றதாயிற்று?’ என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.

3. பேருந்து, பள்ளி ஊர்தி, மின்தூக்கி ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, அதன் பாதுகாப்பை யார், எப்போது, எவ்வாறு சோதிக்கின்றனர் எனக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.